மணலியில் இருந்துகொண்டு பஸ்தர் நிலத்துக்கு மனு போடுவது

மணலி, மாதவரம் பக்கத்து லாரி யார்டுகளிலும் கிடங்குகளிலும் வேலை பார்க்கும் வெளிமாநிலத்தவர்களில் சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் உள்ள சுக்மா, பீஜப்பூர், தந்தேவாடா மாவட்டங்களிலிருந்து வந்த கோண்டி பேசும் பழங்குடி இளைஞர்களும் இருக்கிறார்கள். ஊரில் அவர்கள் வீட்டார் உழுவது பெரும்பாலும் காட்டு நிலம். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி அதற்கு உரிமைப் பட்டா கேட்க அவர்களோடு உட்கார்ந்து படிவம் நிரப்பியதில் தெரிந்துகொண்டது இது.

முதலில் எல்லாரும் கேட்பது, “எந்த இ-சேவையில போடணும், அண்ணா?” தொடக்கம் கிராம சபையில். சபை தேர்ந்தெடுத்த வன உரிமைக் குழுதான் மனுவை வாங்கும். 10 முதல் 15 பேர் கொண்ட குழு அது. மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். படிவம் இலவசம். நடுவில் யாராவது காசு கேட்டால் கொடுக்கத் தேவையில்லை என்பதை வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடச் சொல்வோம்.

தனி நபர் நிலத்துக்குப் படிவம் ஏ. அதில் கணவன் மனைவி இருவர் பெயருக்கும் இடம் உண்டு. பட்டா இருவர் பெயரிலும் கூட்டாகத்தான் வரும். இங்கே தனியாக இருக்கும் பையன் மனைவி பெயரை விட்டுவிட்டுத் தன் பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது. மனைவி பெயரை விடக் கூடாது. ஊரில் அந்த நிலத்தில் நாற்று நடுகிறவள் அவள்தான்.

பெயர் எழுதும்போதே அடுத்த சிக்கல் வந்துவிடும். தேவநாகரியில் டகரத்துக்குக் கீழே புள்ளி வைத்த எழுத்தை ஆங்கிலத்தில் ஒருவர் டகரமாக எழுதுவார், இன்னொருவர் ரகரமாக எழுதுவார். ஆதாரில் சோடி, பாஸ்புக்கில் சோரி. ஒன்றில் மட்காம், இன்னொன்றில் மர்காம். மனு இந்தியில் போவதால் சாதிச் சான்றிதழில் இருக்கும் இந்தி எழுத்தையே பார்த்து அப்படியே எழுத வேண்டும். மற்ற வடிவத்தைப் படிவத்தின் கடைசியில் ‘வேறு தகவல்’ என்ற இடத்தில் குறிப்பது நல்லது.

சான்றுகள் ஒன்றுக்கு மேல் வேண்டும். வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, பழைய கணக்கெடுப்பு ஆவணம் என்று காகிதம் இருந்தால் சரி. இல்லாவிட்டாலும் விதி 13 வழி விடுகிறது: வரப்பு, சமன் செய்த நிலம், வீடு, கிணறு, முன்னோரைப் புதைத்த இடம், மனுதாரர் அல்லாத பெரியவர் சொல்லி எழுத்தில் பதிவான வாக்குமூலம். குறிப்பிட்ட ஒரு காகிதம்தான் வேண்டும் என்று மேல்மட்டக் குழுக்கள் கட்டாயப்படுத்தக் கூடாது. செயற்கைக்கோள் படம் துணைச் சான்றுதான். அதில் தெரியவில்லை என்பதற்காக மற்ற சான்றுகளை ஒதுக்க முடியாது. வருவாய்த் துறையின் நில அளவையே நடக்காமல் கிடந்த அபூஜ்மாட் போன்ற பகுதிகளுக்கு இந்த விதிதான் கைகொடுக்கிறது.

2005 டிசம்பர் 13க்கு முன்பே அந்த நிலம் தங்கள் வசம் இருந்தது என்று காட்ட வேண்டும். உச்சவரம்பு 4 ஹெக்டேர், ஏறத்தாழ 10 ஏக்கர். அதுவும் உண்மையில் கையில் இருக்கும் அளவுக்கு மட்டும்.

கடினமான இடம் இங்கேதான் வருகிறது. 2005 ஜூனில், மாவோயிஸ்டுகளுக்கு எதிராக அரசு ஆதரவோடு நடந்த சல்வா ஜுடும் என்ற ஆயுத இயக்கம் தொடங்கியபின் ஊர் ஊராகக் காலியானது. தோர்ணாபால் போன்ற முகாம்களுக்குச் சிலர் கொண்டுபோகப்பட்டார்கள். பலர் எல்லை தாண்டி இன்றைய தெலங்கானா, ஆந்திரக் காடுகளுக்கு ஓடினார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2007 டிசம்பர் 31. அன்றைக்கும் நிலம் அனுபவத்தில் இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 4(6). துப்பாக்கிக்குப் பயந்து ஓடியவனிடம் “அன்றைக்கு நீ அங்கே இல்லையே” என்று கேட்பது பெரும் அநியாயம். ஆனால் அந்தக் கேள்வி வரும் என்று எண்ணித்தான் மனு எழுத வேண்டும். 2005 டிசம்பர் 13க்கு முன் சட்டவிரோதமாக வெளியேற்றப்பட்ட பழங்குடியினருக்கு அதே இடத்தில் மறுவாழ்வோ மாற்று நிலமோ கேட்கும் உரிமையைப் பிரிவு 3(1)(எம்) தருகிறது. படிவம் ஏயில் அதற்குத் தனிக் கட்டம் இருக்கிறது. ஆகவே எந்த மாதம் ஊரைவிட்டுப் போனார்கள் என்பது முக்கியம். மாதப் பெயர் நினைவில்லாத பெரியவரிடம், “மகுவாப் பூ பொறுக்கி முடிச்சிருந்தீங்களா, நெல் அறுத்திருந்தீங்களா?” என்று கேட்டால் காலம் தெளிவாகிவிடும். பதிலை அவர் சொன்னபடியே வாக்குமூலத்தில் எழுதிவிட வேண்டும்.

மனு கொடுத்ததும் ஒப்புகை வாங்கிப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். பிறகு குழு நிலத்தைப் பார்க்க வரும். மனுதாரருக்கும் வனத்துறைக்கும் முன்கூட்டியே தகவல் போயிருக்க வேண்டும். வனத்துறை வராமல் இருந்துவிட்டு, பிறகு அதையே காரணம் காட்டி ஆட்சேபித்தால் இன்னொரு முறை ஆய்வு வைக்கலாம். அதற்கும் வராவிட்டால் கள ஆய்வில் கிராம சபை முடிவே இறுதி. மழைக்காலத்தில் ஓடைகள் வழி மறித்துவிடும். கோடையில் பீஜா பண்டும் என்ற விதைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போகும் வாரத்தில் ஆய்வை வைக்கச் சொன்னால் ஆளும் இருப்பார், பக்கத்து நிலத்துக்காரரும் எல்லை காட்ட இருப்பார்.

சபைத் தீர்மானத்தின்போது ஊருக்குப் போக முடியாவிட்டாலும் வழி உண்டு. மனுதாரர்களில் பாதிப் பேர் அல்லது அவர்கள் பிரதிநிதிகள் இருந்தால் போதும் என்கிறது 2012 திருத்தம். அண்ணனோ மனைவியோ போகலாம். வேலையை விட்டுவிட்டு ஓட வேண்டாம்.

நிராகரித்தால் வாய்வார்த்தையை ஏற்கக் கூடாது. காரணத்தோடு எழுத்தில் கேட்க வேண்டும். கிராம சபை முடிவுக்கு எதிராக 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவுக்கும், அங்கிருந்து 60 நாளுக்குள் மாவட்ட அளவிலான குழுவுக்கும் மேல்முறையீடு செய்யலாம். முதல் படியைத் தாண்டி நேரே மாவட்டத்துக்குப் போக முடியாது. முடிவு ஊரில் ஒருவர் கையில் கிடைத்து, மணலியில் இருப்பவருக்குத் தெரியும்போது பாதி நாள் கழிந்திருக்கும் என்பதால், மேல்முறையீட்டு மனுவையும் கைரேகையோடு முன்பே எழுதி வைத்து, தேதியையும் காரணத்தையும் மட்டும் காலியாக விட்டு வீட்டுப் பெட்டியில் வைக்கச் சொல்கிறோம்.