டெக்கைத் திருத்துவதா, கழற்றுவதா: அடியில் புகுந்து பார்த்த கதை

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் வாங்கிய வீட்டோடு சேர்ந்து வந்தது அந்த மர டெக், அதாவது வீட்டை ஒட்டி வெளியே தூண்களில் நிற்கும் திறந்த பலகை மேடை. தொண்ணூறுகளில் கட்டியது என்று வீட்டை விற்றவர் சொன்னார். குசினிக் கதவைத் திறந்தால் நேரே அதில்தான் கால் வைக்க வேண்டும். நிலத்திலிருந்து ஏறக்குறைய நான்கு அடி உயரம். கோடை வந்தால் வீட்டுச் சீவியத்தில் பாதி அங்கேதான். அம்மா மிளகாய் காயப்போடுவது, பெரிய சட்டியில் ஆட்டிறைச்சி காய்ச்சுவது, பிறந்தநாளுக்கு வரும் சனம் கதிரை போட்டு இருப்பது எல்லாம் அதன் மேல்தான்.

ஆணிகள் தலைதூக்கி, பலகைகள் வெடித்து, படிக்குப் பக்கத்தில் ஓரிடம் மிதித்தால் அமுங்கத் தொடங்கியபோது, இனித் தள்ளிப்போட முடியாது என்று கொந்தராத்துக்காரர்களைக் கூப்பிட்டோம். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஒருவர், பழுதான பலகைகளை மட்டும் மாற்றி முழுவதற்கும் ஸ்டெயின் எனும் மரப்பூச்சு அடித்தால் இன்னும் கனகாலம் ஓடும் என்றார். இன்னொருவர், கீழே உள்ள மரச்சட்டத்தை அப்படியே விட்டு மேலே மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த கொம்போசிட் பலகை போடலாம் என்றார். மூன்றாமவர், எல்லாவற்றையும் கழற்றி எறிய வேண்டும், இன்றைக்கே கையெழுத்து வைத்தால் தள்ளுபடி உண்டு என்றார். (இப்படி வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கும் ஒப்பந்தங்களை 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்ய ஒன்ராறியோவில் சட்டம் இடம் தருகிறது. இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.)

மூன்று பேரும் டெக்கின் மேலே நின்றபடிதான் விலை சொன்னார்கள். கீழே ஒருவரும் குனியவில்லை.

என் சிநேகிதனின் தமையன் வீடு கட்டும் இடங்களில் மரச்சட்டம் அடிக்கும் வேலை பல வருடம் செய்தவர். அவரிடம் இந்த மூன்று விலைகளையும் சொன்னேன். "தம்பி, மேல நிண்டு பார்த்து ஒண்டும் சொல்லேலாது. டோர்ச்சை எடும், கீழ போவம்" என்றார்.

சுற்றிவர அடித்திருந்த சல்லடைப் பலகையைக் கழற்றிவிட்டுத் தவழ்ந்து உள்ளே போனோம். அண்ணையின் கையில் டோர்ச்சும் ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரும்தான். மரத்தின் நாருக்குக் குறுக்கே அதைக் குத்தி நெம்புவார். நல்ல மரம் என்றால் முனை லேசில் இறங்காது. நெம்பினால் நீளச் சிலாம்பாகக் கிளம்பும். உக்கிய மரத்தில் முனை அரை அங்குலத்துக்கு மேல் சும்மா போகும், நெம்பினால் குட்டிக் குட்டித் துண்டாக உதிரும். இதற்கு எந்தப் பெரிய கருவியும் தேவையில்லை, எங்கே குத்துவது என்று தெரிந்தால் போதும்.

முதல் இடம் வெட்டுமுனைகள். இங்கே உக்காமல் இருக்க மருந்தேற்றிய பலகை என்று விற்பதில் பெரும்பகுதி ஸ்ப்ரூஸ், பைன் வகை மரம். ஸ்ப்ரூஸ் மருந்தை ஆழமாக உறிஞ்சாது. அந்தப் பச்சை நிறம் மேலே சில மில்லிமீற்றர் மட்டும்தான். வேலைத்தளத்தில் அறுத்த இடத்தில் மருந்து ஏறாத மரம் வெளியே தெரியும். அதில் மறுபடி மருந்து பூசாமல் விட்டால் உக்கல் உள்ளுக்குள் போய்விடும். வெளியே பார்த்தால் ஒரு குறையும் இராது, உள்ளே ஊறிய ரஸ்க் போல இருக்கும். இரண்டாவது இடம் ஜொயிஸ்ட் எனும் குறுக்குச் சட்டங்களின் மேல்விளிம்பு. மேல் பலகையின் ஆணி ஒவ்வொன்றும் அதற்குள்தான் இறங்குகிறது. மழையும் உருகும் பனியும் ஆணித் துளை வழியே உள்ளே போய்த் தங்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சணத்தால் ஒன்றும் செய்ய முடியாது. பலகைக்கும் சட்டத்துக்கும் இடையில் குப்பை அடைத்துக் கிடந்தால் அந்த இடம் காய்வதே இல்லை. மூன்றாவது, தூண்களின் அடி.

எங்கள் டெக்கில் வேடிக்கை என்னவென்றால், அசிங்கமாகத் தெரிந்த மேல் பலகைகள் பலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. வெயிலில் நரைத்திருந்தன, அவ்வளவுதான். ஜொயிஸ்ட்களில் பாதிக்கு மேல்விளிம்பு மெதுமெதுவென்று இருந்தது. இதுமட்டும் என்றால்கூடத் திருத்தலாம். பழுதானதன் பக்கத்தில் அதே அளவில் புதுச் சட்டம் ஒன்றைச் சேர்த்து இறுக்கினால் சரி.

சிக்கல் சுவரில் இருந்தது. டெக்கின் ஒரு பக்கத்துப் பாரம் முழுவதையும் வீட்டோடு பிடித்து வைத்திருக்கும் பலகையை லெட்ஜர் என்பார்கள். எங்கள் லெட்ஜர் செங்கல்லில் போல்ட் போட்டு இறுக்கியிருந்தது. செங்கல்தானே, பலம்தானே என்றுதான் நானும் கேட்டேன். ஊரில் செங்கல் சுவர் வீட்டைத் தாங்கும். இங்கே எங்கள் வீடு போன்றவற்றில் வீட்டைத் தாங்குவது உள்ளே இருக்கும் மரச்சட்டம். வெளியே தெரியும் செங்கல் ஒரு வரிசை மேலாடை மட்டும். நடுவே காற்றிடைவெளி, இரண்டையும் பிடித்திருப்பவை சின்னத் தகரத் துண்டுகள். அந்தச் செங்கல்லில் டெக்கின் பாரத்தை ஏற்றக் கூடாது. 40 பேர் ஏறி நிற்கும் ஒரு பிறந்தநாளன்று அது எப்படி நடந்துகொள்ளும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

அண்ணை அப்போது இரண்டு சம்பவங்களைச் சொன்னார், பிறகு நானும் தேடி வாசித்தேன். 2003 யூனில் சிக்காகோவில் விருந்து நடந்துகொண்டிருந்தபோது மர முகப்புத் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இடிந்து 13 பேர் இறந்தார்கள். 2015 யூனில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு பல்கனி முறிந்து 6 இளைஞர்கள் இறந்தார்கள். அங்கே தாங்கும் மரம் உள்ளே உக்கியிருந்தது. இரண்டிலும் சனம் கூடிய நேரத்தில்தான் விழுந்தது. எங்களுடையது நான்கு அடி உயரம்தான் என்று சமாதானம் சொல்லலாம். அம்மாவின் இடுப்பு எலும்புக்கு நான்கு அடி போதும்.

இதோடு அத்திவாரம். ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கள் டெக்கின் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும், கோடையில் மறுபடி இறங்கும். அந்தத் தூணருகே தோண்டிப் பார்த்தால் கொங்கிரீட் முழங்கால் ஆழம்கூட இல்லை. ரொறன்ரோப் பக்கத்தில் நிலம் உறையும் ஆழம் 4 அடி என்று கணக்கு. அதற்கு மேலே நிற்கும் அத்திவாரத்தை, அடியில் உறைந்து பெருக்கும் ஈர மண் உயர்த்திவிடும்.

சரி, இனி என்ன செய்வது? கழற்றாமல் தப்ப ஒரு வழி இருக்கத்தான் செய்தது. வீட்டுச் சுவருக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு வரிசைத் தூண் நட்டு, அதன் மேல் தீராந்தி போட்டு, டெக்கைச் சுவரோடு சேராமல் தன் காலிலேயே நிற்க வைப்பது. ஜொயிஸ்ட்களுக்குத் துணைச் சட்டம் சேர்ப்பது. மற்றப் பக்கத்து அத்திவாரங்களைத் தோண்டி மறுபடி போடுவது. இதற்கு விலை கேட்டபோது, முழுதாகப் புதிதாகக் கட்டுவதில் முக்கால்வாசி வந்தது. டெக் செலவில் மரம் ஒரு பங்குதான். மிச்சம் தோண்டுவது, கொங்கிரீட், ஆள்கூலி. பழைய மரத்தைக் காப்பாற்றப் புதிய கூலி கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

கொம்போசிட் யோசனை இந்தக் கணக்கிலேயே அடிபட்டுப் போனது. அந்தப் பலகைக்கு 25 வருட உத்தரவாதம் சாதாரணமாகத் தருகிறார்கள். அதைக் கிட்டத்தட்ட அதே வயதுள்ள உக்கிய சட்டத்தின் மேல் போட்டால், சட்டம் முதலில் போகும். அப்போது விலை கூடிய பலகையைக் கழற்றித்தான் கீழே திருத்த வேண்டும். அதை விற்க வந்தவர் இதைச் சொல்லவில்லை.

எல்லா டெக்கையும் கழற்ற வேண்டும் என்று சொல்லவில்லை. பக்கத்து நகரமான மார்க்கத்தில் இருக்கும் என் மச்சாளின் டெக் இரண்டு படி உயரம்தான், வீட்டோடு பிடிக்கவில்லை, கீழே சட்டங்கள் கல்லுப் போல. அண்ணை அங்கேயும் குத்திப் பார்த்துவிட்டு, மேல் பலகையை மட்டும் மாற்றச் சொன்னார். அவர்கள் ஒரு வாரக்கடைசியில் முடித்துவிட்டார்கள். மேலே பார்த்தால் அவர்களுடையது எங்களுடையதைவிட மோசம்!

கழற்றுவது என்று முடிவானதும் மனைவி ஒரு கேள்வி கேட்டா: "இவ்வளவு பெரிசு வேணுமா?" நல்ல கேள்வி. டெக்கின் தூரப் பாதியில் நாங்கள் கதிரைகூடப் போட்டதில்லை. மாரியில் பனி தள்ளுவதற்கு மட்டும் அங்கே போவோம். கதவடியில் ஒரு மேசையும் ஆறு கதிரையும் கொள்ளும் அளவுக்கு டெக், அதிலிருந்து படி, கீழே பின்வளவில் கல் பதித்த தரை என்று மாற்றினோம். பெரிய சட்டிச் சமையல் கல் தரைக்குப் போனது. செலவும் நன்றாக இறங்கியது.

பலகைக்கு மருந்தேற்றிய மரத்தையே எடுத்தோம். கொம்போசிட்டுக்குப் பராமரிப்புக் குறைவு, உண்மை. ஆனால் கடும் நிறப் பலகை யூலை வெயிலில் நன்றாகச் சுடும், எங்கள் வீட்டில் செருப்போடு டெக்கில் நடப்பவர்கள் யாரும் இல்லை.

ரொறன்ரோவில் 60 சென்ரிமீற்றருக்கு மேல் உயரமான டெக்குக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். சின்ன வேலைக்கு எதற்கு என்று பலர் தவிர்ப்பார்கள். எனக்கு அதில் பிடித்தது, கொங்கிரீட் ஊற்றுவதற்கு முன் பரிசோதகர் வந்து குழியின் ஆழத்தைப் பார்ப்பது. பழைய டெக்கில் யாராவது அப்படிப் பார்த்திருந்தால் அந்த மூலை தூக்கியிருக்காது. தடுப்புக் கிராதியின் உயரம் எங்கள் அளவு டெக்குக்குக் குறைந்தது 90 சென்ரிமீற்றர், கம்பிகளுக்கு நடுவே 10 சென்ரிமீற்றர் பந்து நுழையக் கூடாது என்பதெல்லாம் வரைபடத்திலேயே பார்த்துவிடுவார்கள். தோண்டுவதற்கு முன் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்குச் சொல்ல வேண்டும். இலவசமாக வந்து நிலத்தடிக் குழாய்களையும் வயர்களையும் குறித்துவிட்டுப் போவார்கள். எங்கள் வளவில் எரிவாயுக் குழாயின் மஞ்சள் கோடு, தூண் ஒன்று நடவிருந்த இடத்துக்கு ஓரமாகவே போனது. தூணைத் தள்ளி வைத்தோம்.

டெக்கைக் கழற்றிய அன்றே குசினிக் கதவுக்குக் குறுக்கே ஒரு பலகை அறைந்தோம். பழக்கத்தில் யாராவது கதவைத் திறந்து கால் வைத்தால் நேரே கீழேதான்.

பழைய பலகைகளை என்ன செய்வது என்பதில் வீட்டில் சின்ன இழுபறி. அம்மாவுக்கு அவற்றைக் கீரைப் பாத்திக்கும் மிளகாய்க் கன்றுகளுக்கும் வரம்பாக வைக்க ஆசை. 2003 முடியும்வரை வீட்டு வேலைக்கு விற்ற மருந்தேற்றிய மரத்தில் பெரும்பாலும் இருந்தது குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்து. அதற்குப் பிறகுதான் கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுப் பாவனைக்கு அதை நிறுத்தினார்கள். ஆர்சனிக் மண்ணில் இறங்கும், அதன் பக்கத்தில் கீரை வேண்டாம் என்று சொல்லி மறுத்துவிட்டேன். எரிக்கவும் கூடாது, புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் வரும். எல்லாம் குப்பைத் தொட்டி வாடகைக்கு எடுத்து, அதில் போனது. அம்மா ஒரு கிழமை கதைக்கவில்லை.

இப்போது வரும் மருந்தில் செம்பு கூட. அது சாதாரண இரும்பைத் தின்னும். பழைய பெட்டியில் மிச்சம் கிடந்த ஆணிகளை எடுத்து அடித்தால் சில வருடத்தில் கறள் பிடித்துத் தலை கழன்றுவிடும். கனமாகத் துத்தநாகம் பூசிய ஜொயிஸ்ட் தாங்கிகள், மருந்து மரத்துக்கென்றே பூச்சுக் கொடுத்த ஸ்க்ரூ என்று அண்ணை கடையில் நின்று ஒவ்வொரு பெட்டியாக வாசித்து எடுத்தார். ஜொயிஸ்ட்களின் மேல்விளிம்பு முழுவதற்கும் தார்த் தன்மையுள்ள ஒட்டு நாடா ஒட்டினோம். ஸ்க்ரூ துளையைச் சுற்றி அது இறுகிக்கொள்ளும், தண்ணீர் போகாது. அறுத்த முனை ஒவ்வொன்றிலும் மருந்து பூசுவது என் வேலை. கையில் பச்சை போக நாளானது.

புதுப் பலகை கடையிலிருந்து ஈரமாகவே வரும். அதனால் இடைவெளி விடாமல் நெருக்கி அடித்தோம். காய்ந்து சுருங்கும்போது இடைவெளி தானாக வரும். ஸ்டெயினும் உடனே அடிக்கவில்லை. தண்ணீர் தெளித்துப் பார்த்தால் துளி முத்தாக நின்றது, மரம் குடிக்கவில்லை. கட்டி முடித்தது ஒகஸ்டில், ஸ்டெயின் அடித்தது அடுத்த யூனில்.