கொடம் எங்கட்டி?

ஜூன் 15, ஞாயிறு

அப்பா இன்று முழுசாக ஒரு வாக்கியம் பேசினார். 41 நாளைக்கு அப்புறம்.

"கொடம் எங்கட்டி?"

கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போனில் பெரியப்பா குடம் அடித்த வில்லுப்பாட்டுக் கேசட்டைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். வில்லுமணி கேட்டது, உடுக்கை கேட்டது, "ஆமா" போடுகிறவர் குரல் கேட்டது, ஜால்ரா காதைக் குத்தியது. பெரியப்பாவின் குடம் மட்டும் இல்லை. அப்பா இடதுகையை நீட்டிப் போனை வாங்கினார். காதோடு ஒட்டி வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். திருப்பித் தந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள். "பேசுனாவளா? என்ன கேட்டாவ?" அதையே நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் சொன்னேன்.

ஜூன் 16, திங்கள்

குடம் இருக்கிறது. ஹெட்போனில் மங்கலாக, பாய்க்கு அடியிலிருந்து யாரோ தட்டுவது போல. போன் ஸ்பீக்கர் சுண்டுவிரல் நகம் அளவு. குடம் எழுப்புகிற சத்தத்துக்கு வேண்டிய காற்றை அதால் தள்ள முடியாது.

அப்பா ஹெட்போனை மாட்ட விடவில்லை. காதை மூடினால் பதறுகிறார்.

தம்பி சவூதி போகும்போது காரிலிருந்து கழற்றி வைத்துப்போன 10 இஞ்ச் ஸ்பீக்கர் பரணில் கிடக்கிறது. பெட்டி செய்தால்?

அப்பாவின் தச்சுப் பட்டறைச் சாவி எங்கே என்று அம்மாவிடம் கேட்கவே கஷ்டமாக இருந்தது. மே மாதம் பூட்டியது.

ஜூன் 18, புதன்

மூன்று மணி நேரக் கணக்கு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை நடத்தலாம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

முழுக்க அடைத்த பெட்டியா, குழாய் வைத்த பெட்டியா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். குழாய்ப் பெட்டி என்று பெரிய யோசனை இல்லாமலே முடிவாகிவிட்டது, ஏனென்றால் வில்லுப்பாட்டுக் குடமும் அதேதான். உள்ளே இருக்கிற காற்று வில்சுருள் மாதிரி அமுங்கி விரிகிறது. கழுத்தில் இருக்கிற காற்று ஒரு எடைக்கட்டி மாதிரி முன்னும் பின்னும் ஆடுகிறது. குடத்தின் கொள்ளளவு, கழுத்தின் அகலம், கழுத்தின் நீளம், இந்த மூன்றும் சேர்ந்துதான் அதன் சுருதி. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த கணக்கு. பெரியப்பா அதைப் படிக்கவில்லை. குயவர் வீட்டில் ஒவ்வொரு குடமாக வாயில் தட்டித் தட்டிக் கேட்டு எடுப்பார்.

ஸ்பீக்கரோடு வந்த தாளில் உள்ள எண்களை வைத்துப் பெட்டிக்கு எத்தனை லிட்டர் என்று கண்டுபிடிக்கும் முறையை 1961-இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் எழுதினார். பிற்பாடு ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். அதன்படி எனக்கு வேண்டியது 40 லிட்டர் காற்று, 35 ஹெர்ட்ஸில் சுருதி.

3 இஞ்ச் பி.வி.சி. குழாய் என்றால் 19 செ.மீ. நீளம் போதும். ஆனால் வாய் சிறிசு, சத்தம் கூடும்போது காற்று சீறும். 4 இஞ்ச் குழாய் என்றால் சீறாது, ஆனால் 45 செ.மீ. வேண்டும். பெட்டியின் உள் ஆழமே 37. எல்போ போட்டு மடக்க வேண்டியதுதான்.

குழாய் அடைக்கிற இடம் 4 லிட்டர் சொச்சம், ஸ்பீக்கரின் பின்பக்கம் 2, உள்ளே கொடுக்கிற தாங்குகட்டைகள். எல்லாம் சேர்த்தால் 48 லிட்டர். உள்ளளவு 36 × 36 × 37.

இரவு 12 மணி. அப்பா விழித்திருக்கிறார். உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது அவர் இழைத்த உத்தரம்.

ஜூன் 19, வியாழன்

ஒரு வார்த்தையும் இல்லை.

ஜூன் 21, சனி

18 எம்.எம். பிளைவுட் அரை ஷீட். லோடு ஆட்டோவில் கொண்டுவந்து முற்றத்தில் சாய்த்துவைத்தேன். அப்பாவைச் சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுவந்திருந்தோம். பலகையைப் பார்த்ததும் முகம் போன போக்கு! பிளைவுட்டை அவர் மரத்தில் சேர்க்கமாட்டார். தேக்கு, வேங்கை, பூவரசு, போனால் போகிறது என்று வேம்பு.

கை எட்டும் தூரத்துக்குப் பலகையை நகர்த்தினேன். இடதுகை நடுவிரலின் கணுவால் தட்டினார். கொஞ்சம் தள்ளித் தட்டினார். இன்னும் கொஞ்சம். ஒரு இடத்தில் நிறுத்தி அங்கேயே மறுபடி மறுபடி தட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காதை வைத்துக் கேட்டேன். அங்கே மட்டும் சத்தம் லேசாகப் பொக்கென்று இருந்தது.

அந்த இடத்தில் வாள் போட்டுப் பார்த்தேன். நடு அடுக்கில் விரல் நுழையும் அளவுக்குப் பொந்து. மேலே வழவழவென்று இருக்கிறது, உள்ளே துண்டுப் பட்டைகளைக் கோர்த்து இடைவெளியை அப்படியே மூடியிருக்கிறார்கள். இந்தப் பொந்து பெட்டியில் வந்திருந்தால் ஒவ்வொரு அடிக்கும் கிர்ரென்று இரைந்திருக்கும்.

வலதுகை மடியில் கிடந்தது. இடதுகை கண்டுபிடித்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

கடையில் மாற்றித்தர முடியாது என்றுவிட்டார்கள். வெட்டிய பலகையாம். வேறு கடையில் வேறு ஷீட் வாங்கினேன், தட்டிப் பார்த்து. கடை அண்ணாச்சி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்க்கட்டும்.

ஜூன் 25, புதன்

பிசியோ தம்பி வந்து போனார். வலதுகைச் சுண்டுவிரல் அசைந்தது என்கிறார். நான் பார்க்கும்போது அசையவில்லை.

ஜூன் 28, சனி

ஸ்பீக்கர் வட்டம் வெட்டினேன். 9 இஞ்ச் 1 நூல். அப்பாவின் கவராயம், அப்பாவின் மூலைமட்டம், அப்பாவின் பென்சில். ஜிக்சா மட்டும் என்னுடையது. பென்சில் முனையை அவர் உளியால் சீவியிருந்த விதம் அப்படியே இருந்தது. அந்த முனை மழுங்கிவிடக் கூடாது என்று வேறு பென்சில் எடுத்துக்கொண்டேன்.

ஒன்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. சின்ன வயதில் நெல்லையப்பர் கோயிலுக்குப் போனால் அப்பா என்னை முதலில் இசைத் தூண்களுக்குத்தான் கூட்டிப்போவார். ஒரே கல்லில் செதுக்கின தூண்கள், தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுரம். அப்புறம் தாமிர சபைக்கு, அங்கே மரத்தில் செய்திருக்கிற வேலையைக் காட்ட. "கல்லே பாடுது, மரம் பாடாதா" என்பார். வாழ்நாள் முழுக்க அவர் தேடியது பாடுகிற மரத்தை. நான் செய்வது நேர்மாறு. இந்தப் பெட்டிப் பலகை பாடவே கூடாது. ஸ்பீக்கர் மட்டும் பேச வேண்டும், குழாய்க் காற்று மட்டும் பேச வேண்டும், மரம் செத்ததுபோல் இருக்க வேண்டும். இதை அப்பாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஃபெவிகால், ஸ்க்ரூ, கிளாம்ப். நாலு பக்கமும் சேர்ந்துவிட்டது. மூலைவிட்டம் இரண்டும் ஒரே அளவு, இம்மி பிசகவில்லை. தாங்குகட்டையைப் பலகையின் நட்டநடுவில் கோடு போட்டு வைத்துக்கொண்டு அப்பாவிடம் காட்டினேன்.

கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு. அவருடைய 'இல்லை'.

கட்டையைக் கொஞ்சம் நகர்த்தினேன். இரண்டு தட்டு. இன்னும் நகர்த்தினேன். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் வந்ததும் ஒரு தட்டு.

அப்புறம் புரிந்தது. நடுவில் வைத்தால் பலகை இரண்டு சமமான துண்டாகும், இரண்டும் ஒரே சுருதியில் சேர்ந்து அதிரும். ஏறுக்குமாறாக வைத்தால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. பலகையை எப்படிப் பாடவைப்பது என்று தெரிந்தவருக்கு எப்படி வாயை அடைப்பது என்றும் தெரிந்திருக்கிறது. நான் சொல்லாமல் விட்டது அவருக்கு முன்னமே தெரியும்.

ஜூலை 2, புதன்

மேல்காற்று. தேய்த்த தூளெல்லாம் வீட்டுக்குள். அம்மாவிடம் திட்டு. சமாதானமாக இருந்தது, பழைய நாள் மாதிரி.

ஜூலை 5, சனி

எல்போவோடு குழாயை ஒட்டினேன். உள்மூலைகள் எல்லாவற்றிலும் மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அப்பியாயிற்று. அப்பாவுக்கு ரத்த அழுத்தம் கூடுதல், ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை. காத்திருந்த நேரம் முழுக்க 35, 35 என்று மனசு சொல்லிக்கொண்டிருந்தது. அப்பாவைப் பற்றி நினைக்காமல் இருக்க அந்த எண் வசதியாக இருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

ஆனித்தேர். போன வருஷம் ரதவீதியில் நின்றார். இந்த வருஷம் டிவியில். தேர் அசைந்த நொடியில் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அப்பா சக்கரத்தை மட்டுமே பார்த்தார், முட்டுக்கட்டை போடுகிறவர்களின் கையை.

ஜூலை 12, சனி

முடிந்தது!

குழாய் வாயை ஈரத்துணியால் அடைத்து, ஸ்பீக்கர் கூம்பை உள்ளங்கையால் மெல்ல அமுக்கி விட்டேன். சோம்பலாகத் திரும்பி வந்தது. அப்படி வந்தால் காற்று கசியவில்லை. சந்தேகம் தீராமல் மூட்டு மூட்டாக ஊதுபத்தி காட்டினேன். பின்பக்கம் கம்பி நுழைகிற இடத்தில் மட்டும் புகை ஒடிந்தது. சிலிக்கான் வைத்து அடைத்தேன்.

அப்புறம் துணியை எடுத்துவிட்டுச் சோதனை. போன் ஆப்பிலிருந்து ஒரே அதிர்வெண், 60-லிருந்து கீழே இறக்கினேன். கூம்பின் மேல் நாலு காகிதத் துணுக்கு. 50-இல் துள்ளுகின்றன, 40-இல் துள்ளல் குறைகிறது, 34-க்கு வரும்போது காகிதம் அப்படியே படுத்துவிட்டது. கூம்பு நிற்கிறது, ஆனால் வீடு அதிர்கிறது! பானை மூடி கிடுகிடுக்கிறது. கையைக் குழாய் வாயில் வைத்தால் காற்று அறைகிறது. அந்த ஒரு இடத்தில் ஸ்பீக்கர் ஓய்ந்து நிற்க, முழு வேலையையும் குழாய்க் காற்று எடுத்துக்கொள்கிறது. 35-க்குக் கணக்கு போட்டேன், 34 வந்திருக்கிறது.

28-க்குக் கீழே இறக்கினதும் கூம்பு பிடிமானம் இல்லாமல் படபடத்தது. உடனே நிறுத்திவிட்டேன்.

நாளை கேசட்.

ஜூலை 13, ஞாயிறு

குடம் இல்லை.

ஜூலை 14, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. பழைய டெக்கின் இரண்டு பெட்டிகளும் மேலே, நான் செய்த பெட்டி கீழே. போட்டேன். வில் கேட்டது, பாட்டு கேட்டது, குடம் அதே பாய்க்கு அடியில். அதற்குப் பதில் ஒரு இரைச்சல், ங்ங்ங் என்று, விடாமல். அப்பா இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து இரைச்சலைத் தேடுகிறேன். எர்த் கம்பி மாற்றினேன். ஆம்ப்ளிஃபையரை வேறு பிளக்கில் மாட்டினேன். கரண்ட் வயரையும் ஸ்பீக்கர் வயரையும் ஒரு முழம் தள்ளிப் பிரித்துப் போட்டேன். ங்ங்ங்.

நான்கு வாரம். 48 லிட்டர் வெறும் காற்று.

ஜூலை 15, செவ்வாய், அதிகாலை 2 மணி

குடம் 112-இல் இருக்கிறது!

அதிர்வெண்ணைக் கோடாகக் காட்டும் ஆப்பில் கேசட்டை ஓட்டிப் பார்த்தேன். குடம் என்றால் பாதாளத்தில் இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன், கணக்கே போட்டுப் பார்க்கவில்லை. ஆம்ப்ளிஃபையரில் 80-க்கு மேல் உள்ளதை வெட்டுகிற மாதிரித் திருகை வைத்திருந்தேன். மேலே உள்ள சின்னப் பெட்டிகள் 200-க்குக் கீழே சோர்ந்துவிடுகின்றன. நடுவில் ஒரு பள்ளம், பெரியப்பா அந்தப் பள்ளத்தில் விழுந்து கிடந்தார்.

திருகை 150-க்கு ஏற்றினேன். சத்தத்தை மிகக் குறைவாக வைத்துக்கொண்டு தரையில் படுத்தபடி கேட்டேன். டும் இல்லை, தொம் இல்லை, அதற்கு எழுத்து கிடையாது. மட்டை குடத்து வாயில் விழுந்து எடுக்கும்போது கடைசியில் ஒரு சின்ன உறிஞ்சல் வரும். அதுவும் இருந்தது.

ஜூலை 16, புதன்

சாயங்காலம் போட்டேன். அப்பா கண்ணைத் திறந்தார். இடதுகை கட்டில் சட்டத்தில் குடத்தோடு சேர்ந்து விழத் தொடங்கியது. அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ரொம்ப நேரம் கழித்துக் கை நின்றது. இரண்டு தட்டு.

"எறங்கி இருக்கு."

"என்னப்பா?"

"அண்ணங் கொடம் இப்பிடி இருக்காது. எறங்கிக் கெடக்கு."

எல்லாச் சொல்லும் தெளிவாக. பெட்டியில் தப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். குழாய் நீளமா, தாங்குகட்டையா. இரவெல்லாம் உறக்கம் இல்லை.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

ங்ங்ங் என் வயரில் இல்லை. கேசட்டில் இருக்கிறது. பாட்டை நிறுத்தினால் அதுவும் நிற்கிறது, இத்தனை நாள் இதைக்கூடக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்! அது 1991 கொடை விழா அன்று சுடலைமாடன் கோயிலில் மைக்செட்டுக்குள் புகுந்த கரண்ட். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஆப்பில் கோடு 47-இல் நிற்கிறது.

கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தந்த இடத்தில் பெல்ட் தளர்ந்த டெக்கில் ஓட்டியிருக்கிறார்கள். எல்லாமே மெதுவாகப் போகிறது. 47 ஐம்பதாக வேண்டும் என்றால் நூற்றுக்கு 6-க்கு மேல் வேகம் கூட்ட வேண்டும். குடம் 112-லிருந்து 119-க்கு ஏறும். ஏறக்குறைய ஒரு அரைச் சுரம். அந்த அரைச் சுரத்தைத்தான் அப்பா பிடித்திருக்கிறார், 34 வருஷம் கழித்து, படுத்த இடத்திலிருந்து.

ஆனால் அந்தக் காலத்துக் கரண்ட் 50-இல் அசையாமல் நின்றதில்லை, 49-க்குக் கீழேகூட இறங்கும். அதனால் என் கணக்கை நம்பி நிறுத்த முடியாது. 3 சதவீதத்திலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றி அப்பாவிடம் போட்டுக்காட்ட வேண்டும். அவர் ஒரு தட்டு தட்டுகிற இடம்தான் சரி.

ஜூலை 18, வெள்ளி

3. இரண்டு தட்டு.

4. இரண்டு தட்டு.

5. கையைத் தூக்கினார், கீழே போடவில்லை, அப்படியே வைத்திருந்தார். மறுபடி போடச் சொல்லிக் கண்ணால் காட்டினார். மறுபடி போட்டேன். பாதியில் காற்றில் எங்கோ கம்பி உரசிக் கரண்ட் போய்விட்டது. இன்னும் வரவில்லை. அப்பா கையை இறக்காமல் காத்திருக்கிறார்.