பிளாஸ்டிக் டிரெயின் பிளக்கோடு ஆயில் மாற்றம்: இதுவரை பார்த்தது

வண்டி ஃபோர்டு எஃப்-150. எஞ்சின் 2015 மாடலில் அறிமுகமான 2.7 லிட்டர் ஈகோபூஸ்ட். இதில் ஆயில் பேனும் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி) பிளாஸ்டிக், அதன் டிரெயின் பிளக்கும் (பழைய ஆயிலை வடிக்கும் துளையின் மூடி) பிளாஸ்டிக். "எஞ்சினுக்கு அடியில் பிளாஸ்டிக் மூடியா?" என்று பலரும் பதறுகிறார்கள். ஆயிலை நானே மாற்றி வருவதால், அந்தப் பிளக் எப்படி நடந்துகொள்கிறது என்று ஒவ்வொரு முறையும் கவனித்து எழுதி வைக்கிறேன்.

முதலில் கழற்றும் விதம். இரும்பு போல்ட் என்றால் மரை மரையாகச் சுற்றி வரும், கடைசி மரை விடுவது கைக்குத் தெரியும். இங்கே மரையே கிடையாது. ஏறக்குறைய கால் சுற்றுத் திருப்பினால் பிளக்கின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள் பேனில் உள்ள பள்ளத்திலிருந்து விடுபட்டுவிடும். உடனே முழு வேகத்தில் ஆயில் பாயும். எஞ்சினில் ஏறக்குறைய 5.7 லிட்டர் ஆயில் இருக்கிறது. அதனால் அகலமான தட்டை முன்கூட்டியே வைத்து, கையுறை போட்டு, ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது மட்டும் திறக்கிறேன். கொதிக்கும் ஆயிலோடு இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

கழற்றிய பிளக்கைத் துடைத்துப் பார்த்தபோதுதான் இதன் வடிவமைப்பு பிடிபட்டது. இரும்பு பிளக்கில் கசிவைத் தடுப்பது இறுக்கம். போல்ட்டின் தலை வாஷரை அழுத்திப் பிடிக்கிறது. பிளாஸ்டிக்கை அப்படித் தொடர்ந்து அழுத்தினால், அதுவும் எஞ்சின் சூட்டில், மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்து இறுக்கம் குறைந்துவிடும். ஆகவே இங்கே அந்தப் பொறுப்பு ஓ-ரிங்குக்குப் போயிருக்கிறது. துளையின் உள்சுவரில் பக்கவாட்டில் அழுந்தி நிற்பது அந்த ரப்பர் வளையம். காதுகளின் வேலை பிளக் வெளியே வராமல் பிடித்துக்கொள்வது மட்டுமே. பூட்டுக்குள் சாவி போவது மாதிரி, நிற்கும் இடம் வரை திருப்பினால் போதும். அதற்கு மேல் ராட்செட் ஸ்பேனரால் அழுத்தித் திருப்பினால் கசிவு குறையாது, காதுதான் உடையும்.

அப்புறம் ஓ-ரிங். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியதன் குறுக்குவெட்டு உருண்டை. பழையது சுவரில் அழுந்திய பக்கம் தட்டையாகி, வளைத்தால் கொஞ்சம் விறைப்பாக இருந்தது. கசியவில்லை, ஆனாலும் மறுபடி போட மனம் வரவில்லை. ஃபோக்ஸ்வாகனின் மூன்றாம் தலைமுறை இஏ888 எஞ்சினிலும் இதே மாதிரி பிளாஸ்டிக் பிளக்தான். அதை ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் புதிதாகப் போட வேண்டும். நானும் அதையே பழக்கமாக்கிக்கொண்டேன்.

மாட்டும்போது செய்வது: துளையின் உள்சுவரைப் பஞ்சு பறக்காத துணியால் துடைக்கிறேன். ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் வளையத்தில் கோடு விழும். ஓ-ரிங்கில் புது ஆயிலைத் தடவி, கையால் நேராக உள்ளே தள்ளி, நிற்கும் வரை திருப்புகிறேன். பிறகு எஞ்சினைச் சிறிது நேரம் ஓட விட்டு, டிஷ்யூ தாளால் பிளக்கைச் சுற்றி ஒற்றிப் பார்ப்பேன். இரவு வண்டிக்கு அடியில் ஓர் அட்டை. இதுவரை பிளக் பக்கம் ஈரமே இல்லை.

ஒரு குறை உண்டு: காந்தம் வைத்த இரும்பு பிளக்கில் ஒட்டும் உலோகத் துகளைப் பார்த்து எஞ்சினின் உடல்நிலையை ஊகிக்கலாம். இதில் அந்த வசதி இல்லை. ஆகவே பழைய ஃபில்டரின் மடிப்பை விரித்து வெளிச்சத்தில் பார்க்கிறேன். நேரம் எடுக்கும், ஆனால் நிம்மதி.

இதே பேனில் பொருந்தும் உலோக பிளக்கும் கடைகளில் கிடைக்கிறது. சரி, வாங்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். உலோகக் காது பிளாஸ்டிக் பள்ளத்தில் உரசினால் தேய்வது பேன்தான். கீழிருந்து கல் அடித்தாலும், பிளக் உடைவதை விட அதைச் சுற்றியுள்ள பேன் விரிசல் விடுவது பெரிய செலவு. பிளாஸ்டிக் பிளக் ஒன்றை ஓ-ரிங்கோடு சேர்த்து, ஃபில்டர் பெட்டியிலேயே கூடுதலாக வைத்திருக்கிறேன்.