கண்டாவின் சின்ன சொபாக் கடைகள்: நவம்பர் நாட்குறிப்பு

நவம்பர் 5, டோக்கியோ

கண்டாவின் சந்துகளில் சொபாக் கடை வாசல்களில் 'ஷின் சொபா' என்ற தாள் ஒட்டியாகிவிட்டது. இலையுதிர்கால அறுவடையின் புது மாவு வந்துவிட்டது என்று அர்த்தம். உட்காரும் சோபாவை நினைக்க வேண்டாம். வட இந்தியர்கள் விரத நாளில் சாப்பிடும் குட்டு மாவு இருக்கிறதே, அந்தப் பக்வீட்டில் செய்யும் நூடுல்ஸ்தான் இது.

கதவுக்கு மேல் நோரென் என்ற துணித்திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது. அதைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. காலையில் பிசைந்தது தீர்ந்ததும் நேரத்துக்கு முன்பே மூடும் கடைகள் உண்டு. பத்துப் பேர் உட்காரும் இடத்துக்கு ஐந்து பேராகப் போனால் திரும்பி வரவேண்டியதுதான். இருவராகப் போவது உத்தமம். 12 முதல் 1 மணி வரை அலுவலகக் கூட்டம். அந்த நேரத்தைத் தவிர்க்கவும்.

நவம்பர் 6

இன்று மாவைப் பற்றி. பக்வீட்டில் குளூட்டன் இல்லை, தானாக ஒட்டாது. ஆகவே பல கடைகளில் 'நிஹாச்சி' கலவை: 800 கிராம் பக்வீட் மாவுக்கு 200 கிராம் கோதுமை மாவு. கோதுமையே சேராதது 'ஜூவாரி'. அதில் வாசனை தூக்கல், இழை சட்டென்று அறும்.

இந்த ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 450 மில்லி தண்ணீர். மொத்தமாக ஊற்றுவதில்லை. இரண்டு மூன்று தடவையாக விட்டு, விரல் நுனியால் மட்டும் அளைவார்கள். முதலில் ரொட்டித் தூள் மாதிரி இருக்கும். பிறகு கொண்டைக்கடலை அளவுக்குத் திரளும். அதன் பிறகுதான் பிசைவது. இங்கே அவசரப்பட்டால் ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் வறட்சி. தேய்க்கும்போது ஓரம் வெடிக்கும், கொதிநீரில் இழை முறியும். நிஹாச்சித் தட்டில் விரல் நீளத் துண்டுகளாகக் கிடந்தால் பெரும்பாலும் தண்ணீர் சேர்த்த கைதான் காரணம்.

ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, மடித்து, அதே அகலத்துக்கு நறுக்குவார்கள். பெரிய பானையில் தளதளவென்று கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. உடனே குளிர்ந்த நீரில் அலசி, மேலே படிந்த கொழகொழப்பைக் கழுவி வடிப்பார்கள்.

தொழிலில் மூன்று 'ததெ' என்பார்கள்: ஹிகிததெ, உச்சிததெ, யுதெததெ. அரைத்த கையோடு, தேய்த்து நறுக்கிய கையோடு, வேகவைத்த கையோடு. 'ததெ'வுக்கு நம் 'கையோடு' எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது!

நவம்பர் 7

நான்காவது கையோடு சாப்பிடுபவருடையது. தட்டை வைத்ததும் போனை எடுத்துக் கோணம் பார்த்துக்கொண்டிருந்தால் ஈரம் வற்றி, இழைகள் ஒட்டி ஒரே கட்டியாக மேலே வரும். சமையலைக் குறை சொல்லிப் பயனில்லை.

நவம்பர் 9

தொட்டுக்கொள்ளும் சாறு 'த்சுயு'. அதன் அடிப்படை 'கயேஷி': ஒரு லிட்டர் சோயா சாஸ், 200 மில்லி மிரின் என்ற இனிப்பு அரிசி மது, 200 கிராமுக்குள் சர்க்கரை. சோயா சாஸைக் கொதிக்க விடக்கூடாது, மணம் போய்விடும். மேலே மெல்லிய ஆடை கட்டும்போதே இறக்கி, ஒரு வாரமாவது ஆறப்போட வேண்டும். ஆறாத கயேஷியில் உப்பின் காரம் தனியாகத் துருத்தும். உலர்த்திப் புகையூட்டிய கட்சுவோ மீன் சீவலில் இறக்கிய தஷிச் சாறு மூன்று பங்குக்குக் கயேஷி ஒரு பங்கு என்றால் குளிர்ந்த சொபாவுக்கான த்சுயு. சூடான கிண்ணத்துக்கு எட்டுப் பத்துப் பங்கு வரை நீர்க்கும்.

1880-இல் தொடங்கி, 2013-இல் தீப்பிடித்து, 2014-இல் மறுபடி திறந்த கண்டா யாபு சொபாவின் வழியில் த்சுயு கடுமையானது. இழையின் கீழ் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நனைத்து உறிஞ்ச வேண்டும். சாகும் தறுவாயில் 'ஒரு தடவையாவது முழுக்க நனைத்துச் சாப்பிட்டிருக்கலாம்' என்று வருந்திய ஏதோ ஆசாமி, ராகுகோ என்ற ஜப்பானியக் கதைசொல்லும் மேடைகளின் பழைய நகைச்சுவை.

மூக்கில் ஏறும் பச்சைக் காரவிழுதான வசாபியைச் சாற்றில் கரைக்காமல் இழைமேல் துளி வைக்கவும். உறிஞ்சும் சத்தத்துக்குக் கூச்சம் வேண்டாம். காற்றோடு உள்ளே போனால்தான் பக்வீட் வாசம் மூக்குக்கு ஏறும்.

நவம்பர் 10

சைவர்களுக்கு: காய்கறித் தெம்புரா (ஜப்பானிய பஜ்ஜி) கேட்டாலும் தொட்டுக்கொள்ளும் சாற்றில் மீன் உண்டு, எண்ணெயும் இறாலுக்கும் பொதுவாக இருக்கலாம். சொபாவை உப்போடு கேட்டுப் பார்க்கலாம்; சில கடைகளில் தருவார்கள். கண்டிப்பான சைவம் வேண்டுமென்றால் பௌத்த மடங்களின் ஷோஜின் உணவு ஒரு வழி. பக்வீட் ஒவ்வாமை உள்ளவர்கள் இங்கே உதோன் என்ற கோதுமை நூடுல்ஸ் கேட்டும் தப்ப முடியாது: பானை ஒன்றாக இருந்தால் வெந்த நீரும் ஒன்றுதான், காற்றிலும் மாவு பறக்கும்.

நவம்பர் 12, மதியம் 2.30

கூட்டம் வடிந்த நேரம். சொபாவுக்கு முன் ஒரு 'கோ', அதாவது 180 மில்லி சாகே என்ற அரிசி மது. கூட வசாபியோடு கமபோகோ மீன்கட்டித் துண்டுகள். 'தெந்நுகி' தெரிந்தவர்கள் கேட்பது: தெம்புரா சொபாவிலிருந்து சொபாவை நீக்கியது. இழையில்லாத கிண்ணத்தில் பஜ்ஜி மட்டும் சாற்றில் ஊறும்.

முடிவில், மூலையில் மூக்கு வைத்த அரக்குப் பாத்திரத்தில் 'சொபாயு', இழை வெந்த நீர் வரும். மிஞ்சிய த்சுயுவில் ஊற்றிக் குடிப்பது. ஆகவே வசாபியையும் வெங்காயத்தையும் அதற்கு முன்பே அதிகம் கொட்டிவிட வேண்டாம். கடை திறந்த புதிதில் இது வெறும் வெந்நீர் போலிருக்கும். பல தட்டு வெந்த பிறகு, இந்த நேரத்தில், கஞ்சி மாதிரி கலங்கி வரும். நாளைக்கும் இரண்டரைக்கே.