ரீச்சர் சொல்லித்தந்த ஹரிசன்

உயர்தர வகுப்பில் கிரேக்க உரோம நாகரிகம் எடுத்த நாங்கள் கொஞ்சப் பேர்தான். பரீட்சைக்குத் தேவையானதை முடித்த கையோடு, எங்கள் ரீச்சர் பாடத்திட்டத்தில் இல்லாத ஒருவரைப் பற்றிப் பேசத் தொடங்குவார். அவர்தான் பழைய கிரேக்கரின் சமயத்தை ஆராய்ந்த ஜேன் எலன் ஹரிசன் என்ற பெண் அறிஞர்.

ஹரிசன் 1850இல் இங்கிலாந்தின் யோர்க்சயரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜின் நியூனம் கல்லூரியில் படித்தும் அவருக்குப் பட்டம் இல்லை. பெண்களுக்குப் பட்டம் கொடுக்க அந்தப் பல்கலைக்கழகம் 1948 வரை காத்திருந்தது. அந்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். லண்டனில் உள்ள பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பழைய கிரேக்கச் சாடிகளைக் காட்டிப் பல வருடம் விரிவுரை செய்தார். அப்புறம் 1898இல் நியூனமுக்கே திரும்பினார்.

கிரேக்கரின் சமயம் என்றால் பழங்கவி ஹோமர் பாடிய ஒலிம்பஸ் மலைத் தெய்வங்களின் கதை என்றே பலர் படித்துவந்த காலம் அது. சனங்கள் விழாவில் என்ன செய்தார்கள் என்று ஹரிசன் தேடினார். 1903இல் வந்த அவருடைய பெரிய நூல் தியாசியா என்ற விழாவோடுதான் தொடங்குகிறது. கிரேக்கரின் தலைமைத் தெய்வமான சியூசுக்கான விழா என்று பெயர். ஆனால் ஏதென்சின் பிரேயஸ் துறைமுகத்தில் கிடைத்த கற்பலகைகளில், அந்த சியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய பாம்பொன்று சுருண்டு நிமிர்ந்து நிற்கிறது! அதைக் கும்பிட்டவர்கள் விருந்துண்ணாமல், பலியை முழுதாக எரித்துவிட்டார்கள்.

அந்தெஸ்தேரியா இன்னும் அருமை. ஏதென்சில் மூன்று நாள் நடந்த புது வைன் விழா. இறந்தவர்கள் ஊருக்குள் வருவார்கள் என்று கதவுகளில் கீல் பூசுவார்கள். கடைசி நாளில் தானியமெல்லாம் ஒரே பானையில் அவித்துப் படைப்பார்கள். முடிந்ததும், விழா முடிந்தது, வெளியே போங்கள் என்று ஆவிகளை அனுப்பிவிடுவார்கள். ஆட்டைத் திவசம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு ரீச்சர் இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஹரிசனின் கோட்பாடுகள் சில பின்னாளில் நிற்கவில்லை. ஆண்டுதோறும் இறந்து பிறக்கும் தெய்வம் என்று 1912இல் அவர் எழுதியதை இன்று அநேகர் ஏற்பதில்லை. சரி, ஆனால் சடங்கை முதலில் பார் என்ற அவருடைய வழியில்தான் பின்வந்தவர்கள் நடந்தார்கள். 1928இல் ஹரிசன் காலமானார்.

ரீச்சரின் குறிப்புகளை எழுதிய கொப்பி யாரிடமாவது இருந்தால், பிரதி எடுத்து எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு அனுப்புங்கள். இப்போது அந்தப் பாடம் எடுக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.