அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றும் கீமோ வார்டுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒரு படிவம் வாங்குவோம். பெயர், வயது, போன் எண், ரத்த வகை, ஒவ்வாமை, ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள். கடைசியில் 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்' என்று ஒரு கட்டம். செவிலியராகச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் படிவத்தை வாங்கிக் கோப்பில் செருகியிருக்கிறேன். அந்தக் கட்டத்தை நின்று படித்ததில்லை. ஒரு நாள் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் கொடுத்த படிவத்தில் அவருடைய எண்ணுக்கான இடத்திலும் அந்தக் கட்டத்திலும் ஒரே போன் எண் இருந்தது. மறதியாக எழுதிவிட்டார் என்று நினைத்து, "சார், இதுவும் உங்கள் எண்தானே?" என்று கேட்டேன்.

"ஆமாம் சிஸ்டர். அதையே வைத்துக்கொள்ளுங்கள்," என்றார்.

அவர் யாருமில்லாதவர் அல்லர். தொலைவில் அண்ணன் இருந்தார், அலுவலக நண்பர்கள் இருந்தார்கள். நோய் இன்னதென்று தெரிந்த முதல் வாரத்தில் எல்லோரும் அழைத்திருக்கிறார்கள். "இருபது பேருக்கும் ஒரே கதையைச் சொன்னேன். பிறகு போனை எடுக்கவே மனம் வரவில்லை. அவர்களும் விட்டுவிட்டார்கள்," என்று பின்னொரு நாள் சொன்னார். இதில் யாரைக் குற்றம் சொல்வது? அழைத்தவர்களுக்கு அடுத்து என்ன பேசுவதென்று தெரியவில்லை. இவருக்கு அவர்களுக்கும் சேர்த்து ஆறுதல் சொல்லித் தெம்பு தீர்ந்துபோயிருந்தது.

அப்போதெல்லாம் எங்கள் வார்டில் ஒவ்வொரு நாற்காலியைச் சுற்றியும் திரை இழுத்திருக்கும். நோயாளிக்குத் தனிமை வேண்டும், அதுதான் மரியாதை என்று உறுதியாக நம்பினேன். யாராவது பக்கத்துத் திரையை விலக்கிப் பேச்சுக் கொடுத்தால், "அவர் ஓய்வெடுக்கட்டும்" என்று நானே இழுத்து மூடியிருக்கிறேன். துவைப்பதற்காகத் திரைகளைக் கழற்றிய ஒரு வாரத்தில்தான் வார்டு பேசத் தொடங்கியது.

அவருக்கு அடுத்த நாற்காலியில் ஒரு வயதான அம்மா. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவி, நெடுநாளாக வந்துகொண்டிருந்தவர். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும், காதில் விழும் தூரத்தில்தான் நின்றிருந்தேன். நகம் கறுப்பது. நாக்கில் உலோகச் சுவை தங்குவது. ஸ்டீராய்டு கொடுத்த இரவில் தூக்கம் எத்தனை மணிக்குக் கலையும் என்பது. அவர் கையில் மூன்றாவது முறையாக நான் நரம்பு தேடிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா குறுக்கிட்டார்: "தம்பி, வரும்போதே கையை வெந்நீரில் வைத்துக்கொண்டு வா. குளிர்ந்த கையில் நரம்பு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்." அதை அவரிடம் நானும் இரண்டு முறை சொல்லியிருந்தேன். அடுத்த தடவை வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிக் கையோடு பிடித்துக்கொண்டு வந்தார். நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

பிறகு, ஒரு சுற்று கீமோ தொடங்கி எட்டாம் நாள் மருந்துக்கு வரவேண்டிய ஒரு காலையில் அவர் வரவில்லை. தேதி மாறியிருக்கும், மதியத்துக்கு மேல் கேட்டுக்கொள்ளலாம் என்று நான் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அந்த அம்மாவோ, "தம்பி வராமல் இருக்கமாட்டானே" என்று ஊசி ஏறிய கையை அசைக்காமல் மற்றக் கையால் போன் செய்தார். முன்தின இரவிலிருந்தே காய்ச்சல். 38.6 டிகிரி செல்சியஸ். விடியட்டும் என்று இருந்திருக்கிறார், விடிந்ததும் மாலை வரை பார்க்கலாம் என்று படுத்துவிட்டார்.

கீமோ கொடுத்து ஏழிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் பெரும்பாலும் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்துபோகும். அந்த நாட்களில் 38 டிகிரியைத் தொடும் காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சலாக எடுத்துக்கொள்ளக்கூடாது. தடுக்க ஆளில்லாத உடலில் தொற்று சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் பரவிவிடலாம். உடனே ஆன்டிபயாடிக் ஏற்றியாக வேண்டும். அந்த அம்மா போனிலேயே அதட்டி வரவழைத்தார். அவர் பிழைத்தார். "நீங்கள் கொடுத்த தாளில் எல்லாம் எழுதியிருந்தது சிஸ்டர், படித்தும் இருந்தேன். ராத்திரியில் யாரைத் தொந்தரவு செய்வது என்று இருந்துவிட்டேன்," என்றார். அவர் படிவத்தில் இருந்த எண்ணை நாங்கள் அழைத்திருந்தால் அவருடைய தலைமாட்டிலேயே மணி அடித்திருக்கும்.

அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். மார்பகப் புற்றுநோய் கண்ட 2,835 பெண்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வு ஒன்று 2006-இல் வெளிவந்தது. அத்தனை பேரும் செவிலியர்கள், என் தொழில்காரர்கள். உறவும் நட்பும் நிறைந்தவர்களோடு ஒப்பிட்டால், நோய்க்கு முன்பே ஒதுங்கி வாழ்ந்தவர்கள் அந்த நோயால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மருத்துவ அறிவு குறைந்தவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. எங்கள் வார்டில் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: 'அந்தக் கட்டியை இன்றே காட்டு' என்று சொல்லவும், மருந்தைப் பாதியில் நிறுத்த நினைக்கும்போது வாசலில் வண்டியோடு வந்து நிற்கவும், 'ஏன் வரவில்லை' என்று கேட்கவும் ஒரு ஆள் தேவைப்படுகிறது.

இதைச் சொல்லும்போது எல்லை மீறிவிடக்கூடாது. முற்றிய மார்பகப் புற்றுநோயில் குழுவாகக் கூடிப் பேசியவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று 1989-இல் ஓர் ஆய்வு சொன்னபோது உலகமே வியந்தது. அதே முறையை 2001-இல் 235 பெண்களிடம் சோதித்தபோது ஆயுள் கூடவில்லை. முதல் ஆய்வைச் செய்த மருத்துவரே 2007-இல் மறுபடி செய்து பார்த்தார், ஒட்டுமொத்தமாக அப்போதும் கூடவில்லை. ஆனால் 2001-இல் குழுவில் இருந்தவர்களுக்கு, அதிலும் மிகவும் மனம் நொந்திருந்தவர்களுக்கு, வேதனையும் வலியும் தணிந்தன. எனக்கு அதுவே போதும். 'மனத்தில் தைரியம் இருந்தால் ஜெயித்துவிடலாம்' என்று படுக்கையருகே நின்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அப்படியானால் இறந்துபோனவர்கள் தைரியம் இல்லாமலா போனார்கள்?

'எந்த உதவி வேண்டுமானாலும் கேள்' என்பதும் அன்போடுதான் சொல்லப்படுகிறது. கேட்கும் வேலை நோயாளியின் தலையில் விழுகிறது, அவர் கேட்கமாட்டார். 'செவ்வாய்க்கிழமை ஸ்கேனுக்கு நான் கூட்டிப்போகிறேன்' என்று சொன்னவர்கள்தான் கடைசிவரை வந்ததைப் பார்த்திருக்கிறேன். பேச ஒன்றுமில்லையென்றால் உங்கள் வீட்டுச் சண்டையைச் சொல்லுங்கள், அவரிடம் யோசனை கேளுங்கள். மகளின் பள்ளிக் கணக்கைப் போனில் சொல்லிக்கொடுத்தபடி டிரிப் முடிந்ததையே கவனிக்காமல் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். எல்லோருக்கும் பேச்சு பிடிக்கும் என்றும் சொல்லமாட்டேன். திரை கேட்கிறவருக்கு இன்றும் திரை உண்டு. நாங்களாக இழுப்பதில்லை, அவ்வளவுதான்.

இப்படிப் பழகுவதில் ஒரு நோவும் இருக்கிறது. அந்த அம்மா அடுத்த வருடம் இறந்துபோனார். அவருடைய பக்கத்து நாற்காலிக்காரர் வந்து காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டபோது, "தேதி மாறியிருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். அன்று முழுவதும் அவர் என்னிடம் பேசவில்லை. மருந்து முடிந்து ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்தியபோது, "சிஸ்டர், நான் அவருக்குப் பத்து நாளாகப் போன் செய்துகொண்டிருக்கிறேன்," என்றார். என் விரலை விலக்கிவிட்டுப் பஞ்சைத் தானே பிடித்துக்கொண்டார். இப்போது குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரரிடம் நானே போய்ச் சொல்கிறேன்.

படிவம் மாறவில்லை. அதை வாங்கும்போது நான் கூடுதலாக ஒன்று கேட்கிறேன்: "ஒரு நாள் நீங்கள் வரவில்லையென்றால் யார் எங்களைக் கேட்பார்கள்?" சிலர் பேனாவை எடுத்து உடனே இரண்டு மூன்று பெயர்களை எழுதிவிடுவார்கள். சிலர் தாளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களை ஜன்னலோர வரிசையில், பேச்சு அதிகம் நடக்கும் நாற்காலிகளுக்கு நடுவில் உட்காரவைக்கிறேன்.