எதிரே நின்ற வண்டியை மறந்தவர்

காட்பாடி ரயில்வே சிக்னல் கேபினில் வேலை பார்த்த அப்பா, சிக்னல் லீவரில் மாட்டுகிற இரும்பு வளையத்தைப் பற்றி அடிக்கடி சொல்வார், லைன்ல வண்டி நிக்குதுன்னு நமக்கு நாமே போட்டுக்கற முடிச்சுடா அது என்று. 1915 மே 22, ஸ்காட்லாந்தின் குவின்டின்ஷில்லில் அதை மாட்டவில்லை. கேபினுக்கு நேர் எதிரே லோக்கல் வண்டி, அதுவும் டியூட்டி மாற்ற வந்த சிக்னல்மேன் டின்ஸ்லி தானே ஏறி வந்து இறங்கிய வண்டி, அதையே மறந்துவிட்டு ராணுவ ரயிலுக்கு சிக்னல் கொடுத்துவிட்டார்! மோதிய ஒரு நிமிடத்துக்குள் எதிர்ப்பக்கத்து எக்ஸ்பிரஸும் வந்து இடித்தது. மரப்பெட்டிகள், கேஸ் விளக்குகள், அப்புறம் தீதான். 200 பேருக்கு மேல் போய்விட்டார்கள். கேஸை மூடினோமா என்று பாகாயத்திலிருந்து பாதி வழியில் வண்டியைத் திருப்புகிற ஆள் நான், டின்ஸ்லியைத் திட்டவும் வாய் வரவில்லை.